சுகிர்தாவை யாரும் கழுவி ஊற்றவில்லை

அடுத்தவள் நகையைப் பார்த்து வயிறு எரிகிறவர்கள் உண்டு. அடுத்தவள் வீட்டைப் பார்த்து, மருமகளைப் பார்த்து எரிகிறவர்களும் உண்டு. திட்டு வாங்குகிறவர்களைப் பார்த்து வயிறு எரிந்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, சுகிர்தாதான்.

காரைக்கால் நகராட்சி அலுவலகத்தில் அவளுக்கு எனக்குப் பக்கத்து மேசை. நெடுங்காட்டில் நெல் விதைக்கிற குடும்பத்தில் பிறந்து, அரசுத் தேர்வு எழுதி வேலைக்கு வந்தவள். நாற்பதைத் தாண்டிவிட்டாள். கணவர் சாது, மகள் பள்ளிக்கூடம் போகிறாள். இதெல்லாம் எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். அவள் வீட்டில் மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு. படுக்கையறை மூலையில் ஒரு மடிக்கணினி, ஒரு மைக், ஒரு சின்ன கீபோர்டு. அதை வைத்துக்கொண்டு அவள் பாட்டுப் போடுகிறாள். மெட்டு அவளுடையது, வரி அவளுடையது, குரலும் அவளுடையது. தாளத்தைக் கையால் அடிக்க மாட்டாள். கணினித் திரையில் கட்டம் கட்டமாக நிரப்புவாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் காதில் செருகிக்கொண்டு தலையாட்டுகிற பாப் பாட்டு.

இதே வேலையை வீட்டில் உட்கார்ந்து செய்கிறவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள். அங்கேதான் பிடித்தது சனி.

அந்தக் கூட்டம் முழுக்க ராக் பைத்தியங்கள். தெட்சிணாமூர்த்தி மின்துறையில் ஓய்வு பெற்றவர், டிரம்ஸ் அடிப்பார். முத்தையன் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரி எடை போடுகிற இடத்தில் வேலை, பேஸ் கிட்டார். கலைவாணன் இயற்பியல் வாத்தியார், முடி கொட்டிய பிறகும் விடாத லீட் கிட்டார். கல்லூரி நாளில் மேடையேறி அலறியவர்கள், அந்த அலறலை இன்றைக்கும் வீட்டில் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடித்து தெட்சிணாமூர்த்தி வீட்டு மாடியில் கூடுவார்கள். சத்தம் வெளியே போகாதிருக்கச் சுவரில் பழைய மெத்தைகளைச் சாத்தியிருப்பார். ஒருவர் புதிதாகப் பதிவு செய்ததைப் பெரிய ஸ்பீக்கரில் போடுவார்கள். முடிகிற வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு குறையாவது சொல்லியே தீர வேண்டும். இதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் கழுவி ஊற்றுவது.

"இன்னிக்கி யாரைக் கழுவி ஊத்துறோம்?" என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுவார்களாம்.

முத்தையனின் பேஸ் அரை நொடி பிந்துகிறது என்று ஒரு மணி நேரம் கிழிப்பார்கள். கலைவாணன் சோலோவை முடிக்கத் தெரியாமல் இழுக்கிறார் என்று தெட்சிணாமூர்த்தி கத்துவார். திட்டு வாங்கியவர் முகம் சிவக்க வீட்டுக்குப் போய், மறு ஞாயிறு திருத்திக்கொண்டு வருவார். சுகிர்தாவின் பாட்டு முடிந்தால் மட்டும் ஒரு சின்ன அமைதி. பிறகு தெட்சிணாமூர்த்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நல்லா இருக்கும்மா" என்பார். அடுத்த நிமிஷம் டீ வந்துவிடும்.

வருஷக்கணக்காக இதே டீ. திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் என்னிடம் கொட்டுவாள்.

"அந்த முத்தையனை எப்படித் திட்டுனாங்க தெரியுமா நிஷா? ஒரு மணி நேரம்! நான் என்ன, விருந்தாளியா? எனக்கு ஏன் ஒரு குறைகூட சொல்ல மாட்டேங்கிறாங்க?"

காரணம் எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் அவர்கள் சொல்லித்தான் பார்த்தார்கள். குரல் இயந்திரம் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றால், "அது வேணும்னே வெச்சதுங்க" என்பாள். டிரம்ஸில் உயிர் இல்லை என்றால் அதுவும் வேணும்னே வைத்தது. இந்த வகைப் பாட்டில் எது தவறு, எது வேண்டுமென்று வைத்தது என்று அந்த மனுஷர்களுக்கு விளங்கவில்லை. எதற்கு வம்பு என்று டீக்குப் போய்விட்டார்கள். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னிடமும் வேணும்னே வெச்சது என்பாள்.

போன வருஷம் ஓவியா வந்து சேர்ந்தாள். பக்கத்துப் பூவம் ஊர்ப் பெண், கல்லூரியில் கடைசி வருஷம். அவளும் பாப்தான் போடுகிறாள், அதுவும் கைப்பேசியில். முதல் ஞாயிறே அவள் பாட்டைக் கிழித்து எறிந்துவிட்டார்கள்! மூன்று பேரும் மாற்றி மாற்றி. அந்தப் பெண் கோபப்படவில்லை. "எந்த எடம் அங்கிள்? திரும்பப் போடுங்க, கேட்போம்" என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாளாம். மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போகிற அளவுக்குச் சண்டை நடந்திருக்கிறது.

மறுநாள் சுகிர்தா சோற்று டப்பாவைத் திறக்கவே இல்லை. "நேத்து வந்தவ. ஒரு மைக்கூட சொந்தமா இல்ல. அவளுக்கு எல்லாம் கெடைக்குது" என்றாள். என்ன கிடைத்துவிட்டது, திட்டுதானே என்று கேட்க வந்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருவருடைய பாட்டைத் தேர்ந்தெடுத்து எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள். பாட்டுக்குச் சொந்தக்காரர் எல்லாச் சத்தத்தையும் அளவாகக் கலந்து மிக்ஸ் பண்ணி, பொங்கல் சமயத்தில் இணையத்தில் போடுவார். கூட்டுப் பாட்டு என்று பெயர். அது ஒருமுறையாவது தன் பாட்டாக இருக்க வேண்டும் என்பது சுகிர்தாவின் ஆசை. இந்த வருஷம் ஓவியா இருக்கிறாள். நேற்று வந்தவளுக்குப் போய்விட்டால் உயிரையே விட்டுவிடுவாள் போலிருந்தது.

கூட்டுப் பாட்டுத் தேர்வுக்கென்று ஒரு பாட்டைப் பண்ணினாள். கேட்டுக் கேட்டுத் திருத்தினாள். அதில்தான் வந்தது வினை. ஒரே பாட்டை அத்தனை தடவை கேட்கிறவர்களுக்குக் கடைசியில் அது காதிலேயே விழாது போல. தாளத்தையும் பேஸையும் சரிபார்ப்பதற்காகப் பல்லவியில் மட்டும் தன் குரலை மியூட்டில் போட்டிருக்கிறாள். திறக்க மறந்து அப்படியே கோப்பாக்கிக் கொண்டு போய்விட்டாள்.

தெட்சிணாமூர்த்தி வீட்டு ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. சரணம் முடிந்து பல்லவி வந்தது. குரலைக் காணோம். வெறும் தாளமும் பேஸும் போய்க்கொண்டிருந்தன. சுகிர்தாவுக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. வாய் திறக்கக் கூடாதே! அடுத்த பல்லவியும் அப்படியே ஊமையாகப் போனது. முடிந்ததும் அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் முத்தையன் எழுந்துவிட்டார்.

"பாட்டு வர வேண்டிய எடத்துல பாட்டே இல்ல. இது தப்புங்க!"

"தப்பா? அதாங்க பாட்டே. எதிர்பாக்க வெச்சு ஏமாத்துறாங்கல்ல?" என்றார் கலைவாணன்.

பிடித்துக்கொண்டார்கள். தெட்சிணாமூர்த்தி நடுவில் புகுந்தார். டீ ஆறிப்போனது. எத்தனை வருஷமாகக் காத்திருந்த சண்டை, அவள் செய்யாத ஒன்றுக்காக நடந்துகொண்டிருந்தது. ஓவியா மட்டும் குனிந்து அவள் காதில், "அக்கா, மியூட்ல இருந்துச்சா?" என்று கேட்டாள். இவள் தலையசைத்தாள். அந்தப் பெண் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த நல்ல குணத்தையும் சுகிர்தாவால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"இந்த வருஷக் கூட்டுப் பாட்டு இதான்" என்று தெட்சிணாமூர்த்தி அறிவித்தார்.

சும்மா இருந்திருக்கலாம். சுகிர்தா சும்மா இருக்கவில்லை. "இருங்க. அந்த எடத்துல என் குரல் உண்டுங்க. திறக்க மறந்துட்டேன்" என்று சொல்லி, மடிக்கணினியைச் செருகி முழுப் பாட்டையும் போட்டுக் காட்டினாள்.

முடிந்ததும் முத்தையன்தான் சொன்னார்: "மொதல்ல போட்டதே தேவலங்க."

"பாட்டு முழுக்க உங்க குரலே இருக்கு. அந்த எடத்துல வேற குரல் வந்தா நல்லா தூக்கும். நம்ம ஓவியா பாடட்டுமே" என்றார் கலைவாணன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அந்த மனுஷனுக்குத் தோன்றியதைச் சொன்னார்.

"நான் என்ன சொல்லுவேன் நிஷா? வேண்டாம்னா பாட்டு போயிடும். சரின்னு சொன்னேன்" என்றாள் மறுநாள்.

அந்த வாரத்துக்குள் மற்ற மூன்று பேரும் டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் அவரவர் வீட்டில் வாசித்து அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை ஓவியா பூவத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். எதிரொலி வராமலிருக்கப் புடவை பீரோவைத் திறந்து வைத்து, புடவைகளுக்கு முன்னால் மைக்கை நிறுத்தினாள் சுகிர்தா. நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் பாடிவிட்டாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சுகிர்தா ஒரு வார்த்தை பாராட்டவில்லை. "இன்னொரு தடவை" என்றாள். அப்புறம் இன்னொரு தடவை. எங்காவது பிசகாதா என்று காத்திருந்தாள். பிசகவில்லை. கடைசியில், "தண்ணி வேணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஓவியா போன பிறகு மிக்ஸ் பண்ண உட்கார்ந்தாள். முதல் வேலையாக அந்தக் குரலைக் கீழே இறக்கினாள். கொஞ்சம்தான். கேட்கிறவர்களுக்கு ஏதோ ஒரு பெண் தூரத்தில் பாடுவதாகத் தோன்றும், அவ்வளவுதான். பாட்டுக்குச் சொந்தக்காரி இவள், யார் கேட்கப் போகிறார்கள்? என்னைத் திரும்பிப் பார்த்து, "எப்படி இருக்கு?" என்றாள்.

"எனக்கென்னடி தெரியும்? நல்லாத்தான் இருக்கு."

"உனக்குக் காது இருக்கா? செத்துக் கெடக்கு பாட்டு" என்று என்மேல் பாய்ந்தாள்.

மறுபடி போட்டாள். மறுபடி. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "சனியன், நல்லாப் பாடித் தொலைச்சிருக்கா" என்று முணுமுணுத்தபடி அந்தக் குரலை ஏற்றினாள். பழைய இடத்துக்கு வந்தது. நிறுத்தவில்லை, இன்னும் ஏற்றினாள். பல்லவி வந்தபோது அந்த அறையே நிறைந்துவிட்டது. வேறொருத்தி பாடுவதைக் கேட்டு அவள் கண்ணை மூடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

குழுவுக்கு அனுப்பிவைத்தாள். கொஞ்ச நேரத்தில் முத்தையன் அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சுகிர்தாம்மா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? ஓவியா குரல் ரொம்பத் தூக்கலா நிக்கிது. என் பேஸ் எங்க போச்சு? கீழ எறக்குங்க."

அவர் வைப்பதற்குள் கலைவாணனின் குரல் பதிவு வந்தது. கிட்டார் அமுங்கிப் போச்சு என்று ஒரே கூப்பாடு. தெட்சிணாமூர்த்தி பத்தி பத்தியாக எழுதித் தள்ளியிருந்தார். மூன்று பேரும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு குறை பாக்கி வைக்காமல், சுகிர்தாவைக் கழுவி ஊற்றினார்கள்.

முத்தையன் திரும்ப அழைத்தார். "எறக்குறீங்களா இல்லியா?"

"முடியாதுங்க. அந்த எடம் அவ எடம்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். "கேட்டது கெடைச்சுதுல்ல? இப்ப திருப்திதானே?" என்று அவள் முதுகில் தட்டினேன்.

அவள் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"இதுகூட அவ குரலுக்குத்தான் நிஷா" என்றாள். "எனக்கு இல்ல."