குழம்பு கேட்டுக் கீறியவர்

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் இளம் டாக்டராகச் சேர்ந்தபோது, புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர் ஒருவர் அங்கே இருந்தார். ஒல்லி உடம்பு, காதில் கடுக்கன், நடுங்காத கை. கட்டியைக் கீறும் முன், "இன்னைக்கு வீட்ல என்ன கொழம்பு?" என்பார். நோயாளி "புளிக்..." என்பதற்குள் கீறி முடித்திருப்பார். பட்டம் வாங்கிய எனக்கு வயிறு எரியும். குற்றம் கண்டுபிடிக்கவென்றே அவர் போட்ட கட்டுகளை அவிழ்த்துப் பார்ப்பேன்.

சத்திர சிகிச்சைப் பிரிவா, காய்ச்சல் வைத்தியப் பிரிவா, எதில் சேரப்போகிறேன் என்று நான் பெரிய டாக்டரிடம் சொல்ல வேண்டிய நாள் வந்தது. சத்திரம்தான் என்று வீறாப்பாகக் கத்தியை எடுத்தேன். கை தந்தியடித்தது.

கட்டியோடு படுத்திருந்த விவசாயி, கட்டுக்காரரைப் பார்த்து அலறினார். "அண்ணாச்சி, நீங்களே கீறிருங்க! டாக்டரய்யா வேணும்னா எம்பக்கத்துல படுத்துக்கிடட்டும்."

கட்டுக்காரர் கத்தியைப் பைய வாங்கினார், குழம்பு கேட்டார், கீறினார், கத்தியை என் கையிலேயே திரும்ப வைத்தார். அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் நுழைந்தார்.

"பிரமாதம்! யார் கீறியது?"

"நம்ம டாக்டரய்யாதான்" என்றார் கட்டுக்காரர், முகம் மாறாமல்.

எனக்குக் கிடைத்த பாராட்டைக் கேட்டு நானே பொறாமைப்பட்டேன். காய்ச்சல் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் என்னைச் சத்திர சிகிச்சைப் பிரிவுக்கு எழுதிவிட்டார்கள்.

அவர் செய்தது உபகாரமா, பழிவாங்கலா என்று இன்றுவரை விளங்கவில்லை. இப்போது நானும் குழம்பு கேட்கிறேன். நோயாளி குழம்பு, பொரியல், அப்பளம் எல்லாம் சொல்லிவிட்டு, "ஒங்க வீட்ல என்னய்யா?" என்கிறார். என் கத்தி இன்னும் இறங்கியபாடில்லை.