உடன்பிறந்தோர்: இல்லை

ஒரு நாள் காலையில் வலது கால் சப்பாத்துக்குள் போகவில்லை. பேர்லினில், ஓர் உணவகச் சமையலறையில் இருபது வருடமாக நின்றே வேலை செய்பவன் நான். நின்றதால் வந்த வீக்கம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். உங்களுக்கும் அப்படி வீங்கினால், தயவுசெய்து என்னைப் போல மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய நின்றுவிட்டதாக டாக்டர் சொன்னார். இனி வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம் டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பது). சிறுநீரகம் தரக்கூடிய நெருங்கிய உறவினர் உண்டா என்று ஒரு படிவம் நீட்டினார். உடன்பிறந்தோர் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

இதே நாட்டில், பீலெஃபெல்ட் நகரில் எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார்.

ஊரில், போர்க்காலத்தில், நாங்கள் வெவ்வேறு ஆயுத இயக்கங்களில் இருந்தோம். அவருடைய இயக்கம் எங்களுடையதைத் தடைசெய்து ஆட்களைப் பிடித்தபோது, என் இடது மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் ஒப்படைத்தவர் அவர்தான். எட்டு மாதத்தில் என்னை விட்டார்கள். என்னோடு பிடிபட்ட கூட்டாளிகள் இருவர் திரும்பவே இல்லை. அதன் பிறகு அண்ணனோடு நான் பேசவில்லை. கோபத்தை ஆற விடாமல் நானே வளர்த்தேன்.

அதே மணிக்கட்டில்தான் ஃபிஸ்துலா (ஊசி ஏற்றுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) வைத்தார்கள். தொட்டால் உள்ளே இரைந்துகொண்டே இருக்கும். இரைச்சல் நின்றால் அது அடைத்துவிட்டது என்று பொருள்.

டயாலிசிஸ் அறையில் பக்கத்து நாற்காலியில் யூசுப். மேற்குக் கரை அகதி முகாமிலிருந்து வந்த பாலஸ்தீனர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜெர்மன்தான். அவருடைய மூத்த மகன் அங்கே பாலஸ்தீன நிர்வாகத்தின் உள்நாட்டுப் பாதுகாப்புப் படையில். இளையவன் முகாமின் ஆயுதக் குழுவில். குழுக்களை அடக்கவென்று படை முகாமைச் சுற்றிவளைத்த வாரங்களில், ஊசி குத்திய கையை அசைக்காமல், மற்றக் கையில் தொலைபேசியைப் பிடித்தபடியே கிடப்பார்.

ஒரு புதன்கிழமை அழைப்பு வந்தது. கேட்டுவிட்டுத் தொலைபேசியை வயிற்றின்மேல் வைத்தார்.

"சின்னவனைப் பிடித்துவிட்டார்கள். பிடித்தது பெரியவன்."

"பெரியவனை மன்னிக்காதீர்கள்," என்றேன்.

"வேறொருவன் போயிருந்தால் சுட்டிருப்பான்," என்றார் யூசுப். "சின்னவன் இனி அண்ணன் முகத்தில் விழிக்கமாட்டான். ஆனால் உயிரோடு இருக்கிறான்."

பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கு யாருமே இல்லையா?" என்று கேட்டார்.

"ஓர் அண்ணன்," என்றேன்.

அண்ணனின் தொலைபேசி இலக்கம் பெரியம்மாவின் மகளிடம் கிடைத்தது.

"அண்ணை, நான்தான்."

"சுகமில்லையோ?"

"கிட்னி ரெண்டும் பழுதாப் போட்டுது."

"வாறன். டெர்மின் எந்த நாள், எத்தினை மணிக்கு எண்டு சொல்லு."

வந்தார். முற்றாக நரைத்திருந்தார். பரிசோதனைகளில் அவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. அவருடைய சிறுநீரகம் உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடைபாதையில் உட்கார்ந்து, "என்னட்டை எடுக்க ஏலாதாம்," என்று அழுதார்.

"அண்டைக்கு என்னைப் பிடிக்க ஏன் நீங்களே வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"வேற ஆர் வந்திருந்தாலும் உன்னைத் திருப்பித் தந்திருக்க மாட்டாங்கள்."

"என்ர கூட்டாளியள்?"

"அவங்களுக்கு அங்க ஒரு அண்ணன் இருக்கேல்லை."

அதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. ஆனாலும் ரயில் ஏறுமுன் அவர் என் மணிக்கட்டில் விரல் வைத்தபோது நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "இரையுது," என்றார் பயந்துபோய்.

படிவத்தைத் திருத்திக் கொடுத்தேன். அதனால் இனி யாருக்கும் பயனில்லை. யூசுப் மகனின் விடுதலைக்குக் காத்திருக்கிறார், நான் யாரோ ஒருவரின் சிறுநீரகத்துக்கு.

இப்போது என் வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி மட்டுமே உண்டு. மற்ற நாட்களில் வீட்டில் தனியே இருந்து, மணிக்கட்டைக் காதோடு வைத்துக் கேட்கிறேன். அண்ணன் பிடித்து இழுத்த இடம் அது. அந்த இரைச்சல் நின்றுவிடக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.