கேட்டுக்கு வைத்த சந்தனம்

2025 அக்டோபர் 4, சனிக்கிழமை, காலை மணி 9.35. மேகம் இல்லை, காற்று இல்லை. சிமெண்டுத் தரை அதற்குள்ளாகவே வெறுங்காலைச் சுட்டது. ஒரு வாளி, மூன்று துணி, பேத்தியின் பழைய பல் பிரஷ் ஒன்று, இவற்றோடு நீச்சல்குளத்து வேலிக்குள் போனேன். கேட் எனக்குப் பின்னால் தானாக மூடிக்கொண்டது. அடுத்த நான்கு மணி பத்து நிமிடம் அது திறக்கவில்லை.

வீடு என் மகனுடையது, திருத்தங்கலுக்கு வெளியே இருக்கிறது. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் வைத்திருக்கிறான். முதுகுவலிக்கு நீந்தினால் நல்லது என்று டாக்டர் சொன்னாராம். பதினெட்டுக்குப் பத்து அடியில் ஒரு குளம் கட்டினான். இதுவரை ஆறு தடவை நீந்தியிருக்கிறான். மூன்றரை வயதுப் பேத்தி தவறி விழுந்துவிடக் கூடாது என்று குளத்தைச் சுற்றி இரும்பு வேலி போட்டான். கறுப்பு நிறம், பவுடர் கோட்டிங் செய்தது. பதினோரு சட்டம், சட்டத்துக்கு இருபது கம்பி, கேட்டில் எட்டு, ஆக இருநூற்று இருபத்தெட்டு கம்பிகள். வாரம் ஒரு முறை அத்தனையையும் துடைப்பது என் வேலை. யாரும் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டில் எனக்கென்று வேறு வேலை கிடையாது.

வேலி போட்டவர் உள்ளூரில் பட்டறை வைத்திருப்பவர். வேலையை முடித்துப் போன அன்றே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அண்ணாச்சி, நல்ல தண்ணி, மெத்துத் துணி, ரெண்டு சொட்டு சோப்பு. அம்புட்டுத்தான். கம்பி நார் போட்டுத் தேய்க்காதீக. எண்ணெய் கிண்ணெய் தொடாதீக. எங்கனயாவது கீறல் விழுந்தா உடனே சொல்லுங்க, அது வழியாத்தான் துரு ஏறும்."

தண்ணீர், துணி, சோப்பு மூன்றையும் ஒப்புக்கொண்டேன். எண்ணெய் விஷயத்தை மட்டும் என் மனது ஏற்கவில்லை. விருதுநகரில் எண்ணெய் மொத்தக் கடையில் முப்பத்தெட்டு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கிறீச்சிடும் எதற்கும் ஒரு சொட்டு விட்டுத்தான் பழக்கம். தராசுக்கும் விட்டிருக்கிறேன், கல்லாப்பெட்டிப் பூட்டுக்கும் விட்டிருக்கிறேன்.

அந்த வாரம் புதன்கிழமை ஆயுத பூஜை. மகன் அச்சகத்தில் மெஷின்களுக்குப் பொட்டு வைக்கப் போய்விட்டான். வீட்டில் நான் வைத்தேன். கிரைண்டர், மோட்டார், மருமகளின் ஸ்கூட்டர். பிறகு வேலியின் பன்னிரண்டு தூண்களுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். கேட் பூட்டுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக, மூன்று விரலாலும் இழுத்தேன். அது ஒன்றுதானே அங்கே வேலை செய்கிற கருவி. பூட்டு தூணின் உச்சியில் இருந்தது. மேலே உள்ள குமிழைத் தூக்கினால்தான் திறக்கும், பிள்ளைகள் கைக்கு எட்டாது. வெள்ளிக்கிழமை குமிழ் கொஞ்சம் இறுகியது. நல்லெண்ணெய் ஐந்து சொட்டு விட்டேன்.

சனிக்கிழமை காலை திறக்கும்போதும் இறுகியது. உள்ளே போய்க் கழுவினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கேட் மூடியதும் பூட்டின் மேல் இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மற்ற கம்பிகளைத் துடைக்கத் தொடங்கினேன். போர் தண்ணீரின் உப்பு கம்பிகளில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. தீபாவளிப் பட்டாசு சீசன் தூசி அதன்மேல் சாம்பல் பூசியிருந்தது. நாற்பத்தொன்றாவது கம்பியில் நிறுத்தி, பூட்டைப் பார்க்க வந்தேன். குமிழ் அரை அங்குலம் ஏறி நின்றுவிட்டது. சந்தனம் ஊறி உள்ளே இறங்கி, எண்ணெயோடு சேர்ந்து வெயிலில் இறுகியிருந்தது.

பன்னிரண்டு முறை இழுத்தேன். விரலில் தோல் உரிந்தது.

வேலி நாலரை அடி. கால் வைக்க நடுவில் குறுக்குக் கம்பி கிடையாது. பிள்ளை ஏறிவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தது. ஏறி விடும் என்று உள்ளே ஒரு நாற்காலிகூட விட்டுவைக்கவில்லை. மருமகள் பேத்தியோடு ராஜபாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், இரண்டரை மணிக்குத்தான் வருவாள். போன் வீட்டுக்குள் இருந்தது. பக்கத்து ஷெட்டில் பெட்டி ஒட்டும் பெண்கள் பேசுவது கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்திருப்பார்கள். நான் கொடுக்கவில்லை.

காரணம் இதுதான். ஜூலையில் விருதுநகர் பஸ் படியில் விழுந்தேன். முழங்காலில் நான்கு தையல். மகன் அன்று கத்தவில்லை, மெதுவாகச் சொன்னான். "அப்பா, இன்னொரு தடவை ஏதாச்சும் ஆச்சுன்னா தனியாப் போறதெல்லாம் வேணாம்." சனிக்கிழமைதோறும் 11.20 பஸ்ஸில் விருதுநகர் போய், ஒரு மிளகாய் வற்றல் கடையில் பழைய சிநேகிதர்கள் மூன்று பேரோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் யாரும் என்னைக் கவனிக்காமல் நான் இருப்பது. வேலிக்குள் மாட்டிக்கொண்ட கதை வெளியே போனால் அதுவும் போய்விடும்.

ஆகவே துடைத்தேன். துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு, காலைக் குளத்துத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்தேன். பிறகு மறுபடி எழுந்து துடைத்தேன். பல் பிரஷால் பூட்டைக் குடைந்தேன், பிரஷ் ஒடிந்தது. 11.20க்கு ரோட்டில் ஹாரன் கேட்டது. அந்த பஸ் எங்கள் வளைவில் இரண்டு முறை அடிக்கும். இரண்டும் கேட்டது. பன்னிரண்டு மணிக்கு இருநூற்று இருபத்தெட்டும் முடிந்துவிட்டது. துடைக்க எதுவும் இல்லாமல் போனபிறகுதான் எனக்குப் பயம் வந்தது. முதல் கம்பியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

12.50க்குப் பாத்திரம் துலக்க வரும் அம்மாள் வந்தாள். பின்கட்டிலிருந்து என்னைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்னய்யா, இந்த வெயில்ல உள்ள நிக்கீக?"

"பூட்டு மாட்டிக்கிச்சு. நீ அந்தப் பக்கமிருந்து தூக்கிப் பாரு."

இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"எம்புட்டு நேரமா இப்பிடி?"

"இப்பத்தான்."

"இப்பத்தானா? மூஞ்சி மொளகா வத்தல் மாதிரி இருக்கு. நாற்காலியத் தூக்கி உள்ள போடுதேன், ஏறி வந்திருங்க."

"நாலு தையல் போட்ட காலு. ஏறமாட்டேன்."

அவள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். கம்பிகளுக்கு நடுவே சொம்பு நுழையவில்லை. வேலிக்கு மேலே நீட்டினாள். காலையில் மிஞ்சிய இட்லிகளை ஒவ்வொன்றாகக் கம்பி இடைவெளியில் கொடுத்தாள். மூன்று தின்றேன்.

"ஜூவுல கரடிக்குக் குடுக்க மாதிரி இருக்கு" என்றாள். "பாப்பா பாத்தா டிக்கெட் கேக்கும்."

"யாருகிட்டயும் சொல்லாதே. என் மகன்கிட்ட முக்கியமா."

"சொல்லாம உங்கள எப்பிடி வெளிய எடுக்க? மயங்கி விழுந்தா தண்ணிக்குள்ளதான விழுவீக. பட்டறைக்காரருக்குப் போன் போடுதேன், அவரு வரட்டும்."

பட்டறைக்காரர் 1.25க்கு பைக்கில் வந்தார். திருப்புளியால் முடியாமல் டிரில் போட்டுப் பூட்டை உடைத்தார். டிரில் வழுக்கி ஒரு கம்பியில் விரல் நீளத்துக்குப் பூச்சைக் கிழித்தது. 1.45க்கு கேட் திறந்தது. உடைந்த பூட்டைக் கையில் கவிழ்த்தார். பொன்னிறக் கட்டியாகச் சந்தனம் விழுந்தது. எடுத்து மோந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, எண்ணெயும் விட்டீகளோ?"

"அஞ்சு சொட்டு."

"சரி விடுங்க" என்று சந்தனக் கட்டியைச் செருப்புக் காலால் புல்லுக்குள் தள்ளினார்.

அந்த நேரம் பார்த்து மகன் வந்தான். ஷெட்டுப் பெண்கள் டிரில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார்கள், செய்தி அச்சகத்துக்குப் போய்விட்டது. என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு பட்டறைக்காரரிடம் திரும்பினான்.

"என்ன பூட்டுய்யா போட்டீரு? ஏழு மாசம்கூட ஆகல. எங்கப்பா உள்ள செத்திருப்பாரு. எம் மக உள்ள இருந்திருந்தா? பாக்கி பில்ல மறந்திரும்."

பட்டறைக்காரர் அவனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. டிரில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கமாட்டார் என்று தெரிந்தது. நான் சும்மா இருந்தால் குற்றம் பூட்டுடையது. என் சனிக்கிழமை எனக்கே இருக்கும். அவர் ஒயரை ஒன்பது சுற்று சுற்றும்வரை நான் சும்மாதான் இருந்தேன்.

"பூட்டு நல்ல பூட்டு" என்றேன். "நான்தான் சந்தனத்த அப்பி, எண்ணெய விட்டேன். அவர் வேணாம்னு சொல்லியிருந்தாரு."

மகன் என் பக்கம் திரும்பினான்.

"காலையில இருந்தே உள்ளயா இருந்தீக?"

"9.35லயிருந்து."

"ஒரு சத்தம் போட்டிருக்கலாம்லப்பா."

நான் வாளியையும் துணிகளையும் எடுத்துக்கொண்டேன். அவன் "இனிமே பஸ் வேணாம். சனிக்கிழமை கார் வரும்" என்றான்.

கார் வருகிறது. டிரைவர் நல்ல பையன்தான். வற்றல் கடை வாசலில், எங்கள் பெஞ்சுக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு மணிக்கு மூன்று தடவையாவது கடிகாரத்தைப் பார்க்கிறான். சிநேகிதர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். நாற்பது நிமிடத்தில் நானே எழுந்துவிடுகிறேன்.

பட்டறைக்காரரின் பாக்கியை மகன் கொடுத்துவிட்டான். புதுப் பூட்டை என் பணத்தில்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பூட்டு 3,200. கிழிந்த கம்பிக்கு மறுபடி பூச்சு 250. கூலி வேண்டாம் என்றவரின் சட்டைப் பையில் திணித்தது 450. ஆக மொத்தம் ரூபாய் மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.