இரண்டு பக்கமும் கறுப்பு

இதில் ஒரு வரிகூட நான் சேர்த்துச் சொல்லவில்லை. கதை கட்ட வேண்டுமென்றால் என் தம்பியை அதற்குள் இழுத்திருக்க மாட்டேன்.

காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடம். ஞாயிற்றுக்கிழமை. தம்பி டில்லிபாபு கம்ப்யூட்டரில் ஒரு பழைய வாள்சண்டை கேம் ஆடிக்கொண்டிருந்தான். பெட்டி மானிட்டர் காலத்துக் கேம். எங்கள் புது அகல மானிட்டரில் படம் நடுவில் மட்டும் தெரியும். இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடக்கும். அவன் எழுந்த நேரம் பார்த்து, செட்டிங்கை மாற்றிப் படத்தைத் திரை முழுக்க இழுத்துவிட்டேன்.

"இன்னாண்ணா இது, ஹீரோவ பூரி மாதிரி உப்ப வெச்சிகீற?" சிரித்தான். "கறுப்பு இருந்தா இருந்துட்டு போவுது. மூஞ்சி மூஞ்சியா இருக்கணும்."

பழையபடி சுருக்கினான். ஹெல்மெட்டை மாட்டினான். 'டக்'கென்று அதன் கண்ணாடியை இறக்கினான்.

"கேம மூடாத. பால் வாங்கினு வந்துடறேன்."

வரவில்லை. டிரங்க் ரோட்டில் லாரி.

மாலை போட வேண்டிய படத்தைச் செய்து தந்தது, பூந்தமல்லியில் கடை வைத்திருக்கும் அவன் நண்பன் ஜஸ்டின். அவசரத்துக்கு அகலமான ஃப்ரேம்தான் கிடைத்தது. அழுதுகொண்டே படத்தை இழுத்து நிரப்பிவிட்டான். தம்பியின் முகம் விரிந்து, வேறு யாரோ போல ஆகிவிட்டது.

அம்மா விளக்கேற்றவில்லை.

"யார்ரா இது? எவனுக்கோ நான் விளக்கு ஏத்தணுமா?"

விளக்கேற்றாமல் சாப்பிடவும் மாட்டாள். மாற்றிவிடலாம் என்றால் பெரியப்பா தடுத்தார். மாலை போட்ட படத்தைக் கருமாதிக்கு முன்னால் சுவரிலிருந்து இறக்கக் கூடாதாம். மூன்று நாளாக வெறும் தண்ணீர். அம்மாவும் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

நாலாம் நாள், உச்சி வெயில் நேரம். அம்மா உள்ளறையில் சுருண்டு கிடந்தாள். கூடத்தில் நான் மட்டும். கம்ப்யூட்டரை அன்றிலிருந்து யாரும் அணைக்கவில்லை. மௌஸை அசைத்தேன். அவன் விட்ட இடத்தில் கேம் நின்றிருந்தது.

ஜன்னல் வெளிச்சத்தில், அந்தக் கறுப்புப் பட்டைகளில் என் பின்னாலிருந்த கூடம் தெரிந்தது. இடது பட்டையில் வாசல். வலது பட்டையில் சுவர், மாலை, படம்.

படத்தில் முகம்... சரியாக இருந்தது. அவன் முகமாக.

திரும்பிப் பார்த்தேன். சுவரில் அதே விரிந்த முகம்.

மறுபடி திரையைப் பார்த்தேன். சரியான முகம். ஆனால் மாலை அந்த முகத்துக்குப் பின்னால் தொங்கியது.

அது படம் இல்லை.

படத்துக்கு முன்னால் அவன் நின்றுகொண்டிருந்தான்.

செட்டிங்கைத் திறந்து, கேமைத் திரை முழுக்க இழுத்துவிட்டேன். கறுப்பு போய்விட்டது. மூச்சு வந்தது.

டக்.

முதுகுக்குப் பின்னால், ஹெல்மெட் கண்ணாடி இறங்கும் அதே சத்தம்.

திரையில் கேம் தானாகச் சுருங்கியது. வலது பட்டையில் சுவர் மட்டும். இடது பட்டையில்... என் நாற்காலியைப் பிடித்திருந்த ஒரு கை.

திரை அணைந்தது. கரண்ட் போகவில்லை. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது முழுக்கக் கறுப்பு.

நடுவில் என் முகம்.

தோளுக்கு மேலே...

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"இன்னாடா வேணும்?"

சுவர்ப் பக்கம், படத்தின் கண்ணாடிமேல் நகம் உரசியது. சர்ர்ர்...

எவ்வளவு நேரமோ தெரியாது. தீக்குச்சி கிழிக்கும் சத்தத்தில் கண் திறந்தேன். அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

"இப்பதான்டா எம்புள்ளயாட்டம் கீறான். எப்ப மாத்தின?"

ஃப்ரேமுக்குள் முகம் ஒடுங்கி, சரியாக இருந்தது. இரண்டு பக்கமும் கறுப்பு.

அம்மா அன்று இரண்டு கவளம் சாப்பிட்டாள்.

கருமாதி முடிந்ததும் படத்தை ஜஸ்டினிடம் கொண்டுபோனேன். பின்பக்கம் திருப்பினான். அவன் ஒட்டிய டேப், அதன் மேல் அடித்த கடை முத்திரை, எல்லாம் அப்படியே இருந்தன.

"இத யாரும் தொறக்கவேல்லண்ணா."

அறுத்து, தாளை வெளியே எடுத்தான். தாளில் முகம் விரிந்துதான் இருந்தது. கறுப்பே இல்லை.

கண்ணாடிக்குள் திரும்ப வைத்தான்.

ஒடுங்கியது.

அவன் புது டேப் ஒட்டிக் கொடுத்தான். படம் இப்போது பழைய ஆணியில்தான் தொங்குகிறது. அம்மா தினமும் விளக்கேற்றுகிறாள்.

கேமை நான் இன்னும் மூடவில்லை.