லோர்னாவின் மைக்கும் என் ஓமும்

1. எட்டு ஓம்

சிட்னியில் என் முதல் வேலைநாள் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் தொடங்கியது. எழுபதுகளின் நடுப்பகுதி. கொழும்பில் ரேடியோ திருத்திய அனுபவம் ஒன்றுதான் என் கைமுதல். கிளப்புகளுக்கும் கச்சேரிகளுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கம்பனி அது. முதலாளி பாரி வாயில் சிகரெட்டுடன் வந்து பெட்டியைக் காலால் தட்டினார். அங்கே பேசியது எல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் எனக்கு நினைவில் இருப்பது என் ஊர்த் தமிழில். அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இது எத்தனை ஓம்?"

"எட்டு."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம்."

"ஒரு ஓமோ? இப்பதானே எட்டு எண்டனி!"

மின்தடையை அளக்கும் அலகும் ஓம், யாழ்ப்பாணத்தில் ஆமாம் என்பதும் ஓம். இதை நான் விளக்கி முடிக்க, பாரி சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிட்டார். அன்றிலிருந்து நான் மிஸ்டர் ஓம். எந்த மொழிக்காரனுக்கும் கிடைக்காத தொழிற்பெயர் எனக்கு முதல் நாளே கிடைத்தது!

2. மைக்கைத் தின்னும் பெண்

அந்தப் பாடகியின் உண்மைப் பெயரைச் சொல்ல மாட்டேன். லோர்னா என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் அவர் பாட்டு ஒலிக்காத கார் சிட்னியில் இல்லை. சோல் பாட்டு, பொப் பாட்டு, எது பாடினாலும் சனம் கதிரையை விட்டு எழும்பிவிடும். இரண்டு வருடம் அவருக்கு ஃபோல்ட்பேக் பார்த்தது நான். பாடுகிறவருக்குத் தன் குரல் தனக்கே கேட்பதற்காக மேடையில் அவரைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர்தான் ஃபோல்ட்பேக். பாட்டுக்கு நடுவில் என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்துவார். நான் "ஓம்" என்று வாயசைப்பேன். அந்தச் சொல்லின் பொருள் அவருக்கு நன்றாகத் தெரியும்.

மைக் பிடிப்பதில் அவர் ஒரு ராணி. இரகசியம் போலப் பாடும்போது மைக்கைத் தின்னுகிற மாதிரி உதட்டோடு வைப்பார். உச்சத்துக்குப் போகும்போது தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். சத்தத்தின் அளவைக் காட்டும் என் மீற்றரின் முள் ஒருநாளும் சிவப்புக் கோட்டைத் தொட்டதில்லை.

திடீரென்று ஒருநாள், "ஓம், நான் நடிக்கப் போறன். மெல்பேர்னிலை. பாட்டே இல்லாத நாடகம்" என்றார். பாரி வாயிலிருந்த சிகரெட்டைக் கீழே விட்டுவிட்டார். எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை, ஏனென்றால் அந்த நாடகத்தின் ஒலிக்கு என்னைத்தான் கேட்டிருந்தார்.

3. கடைசி வரிசை

நானும் மனைவி ரஞ்சியும் மெல்பேர்னில், ஸ்பிரிங்வேல் பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்கினோம். நாடகத்தில் லோர்னாவுக்கு ஒரு கிராமத்துத் தபால்கந்தோர் நடத்தும் பெண்ணின் வேடம். ஓடிப்போன புருஷன் பல வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். கடைசியில் இவள் அவனைப் பார்த்து மெதுவாக, "போ" என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். நாடகமே அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

அந்தக் காலத்தில் நாடக நடிகர்களுக்கு மைக் கிடையாது. சொந்தத் தொண்டைதான். லோர்னா இரகசியம் பேசினால் உதட்டுக்கு முன்னால் இல்லாத மைக்குக்குப் பேசினார். சத்தமாகப் பேசும் இடத்தில் பழக்கதோஷத்தில் தலை பின்னுக்குப் போய், சொல் கூரைக்குப் போய்விட்டது. பயத்தில் முதுகையும் சபைக்குக் காட்டினார். தொட்டில் பழக்கம் என்பார்களே, இது மேடைப் பழக்கம். முன்னோட்டக் காட்சிகள் இரண்டிலும் பின்வரிசைக்காரர் காதில் கைவைத்தபடி இருந்தார்கள். "பாட்டுக்காரிக்கு ஏன் இந்த ஆசை?" என்று பத்திரிகைக்காரர் இருவர் வாசலில் நின்று சிரித்ததை நானே கேட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

நாடகத்தை இயக்கிய நெறியாளர் கிரகாம் நல்ல மனிதர், ஆனால் பேச்சு வெட்டொன்று துண்டு இரண்டு. "புதன்கிழமை மத்தியானக் காட்சிதான் கடைசிச் சந்தர்ப்பம், லோர்னா. மேல்மாடிக் கடைசி வரிசைக்குக் கேக்காட்டி, பின்னேரக் காட்சிக்கு மாற்று நடிகை ஏறுவா."

லோர்னா அழவில்லை. ஒரு மைக் கேட்டார். கிரகாம் முகத்தைச் சுளித்து, "சனத்தின்ரை கண்ணுக்குத் தெரியக் கூடாது" என்று விட்டுக்கொடுத்தார். மேடையின் முன்விளிம்பில் இருந்த மேசையில், பூச்சாடிக்குள் சின்ன மைக் ஒன்றை ஒளித்துவைத்தேன். "எது பேசினாலும் பூச்சாடியைப் பார்த்துப் பேசுங்கோ. மிச்சம் என்ரை பொறுப்பு" என்றேன்.

4. இஸன்ட் இட் வேர்க்கிங்?

புதன்கிழமை. மேல்மாடிக் கடைசி வரிசையில் ரஞ்சியை இருத்திவிட்டு வந்து, மேடையின் பக்கத்தில் இருந்த என் மிக்ஸரில் ஒலியைக் கூட்டும் பேடரை உயர்த்தினேன். சத்தமே இல்லை! ஓடிப்போய் மைக்கை மாற்றினேன். அதற்கும் இல்லை. யாரோ மேடை அலுமாரியை உருட்டித் தள்ளும்போது அதன் சில்லு ஏறிக் கேபிளை நசுக்கியிருக்கிறது. மிச்சக் கேபிள் மேடைப் பலகைக்கு அடியால் போகிறது, மாற்ற அரை மணித்தியாலம் வேண்டும். சபையில் விளக்கு அணைந்துவிட்டது.

லோர்னா திரைக்குப் பக்கத்தில் வேடத்தோடு நின்றார். வியர்த்துக் கொட்டும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"இஸன்ட் இட் வேர்க்கிங்?"

வேலை செய்யேல்லையோ என்று கேட்கிறார். தமிழன் என்ன சொல்வான்?

"ஓம்!" என்றேன்.

அதாவது ஓம், வேலை செய்யவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் கேள்வி எப்படி இருந்தாலும் ஓம் என்றால் வேலை செய்கிறது என்று பொருள். லோர்னாவின் முகம் மலர்ந்தது. என் கன்னத்தைத் தட்டி, "நல்ல பிள்ளை. கொஞ்சம் கூட்டி வை!" என்று சொல்லிவிட்டு மேடைக்குள் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ! கத்தவும் முடியாது, மேடைக்குள் ஓடவும் முடியாது. ஒரு மனுசியின் வாழ்க்கையை ஒரு சொல்லால் கெடுத்துவிட்டேனே என்று இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் பேசத் தொடங்கினார்.

முதல் வசனமே கணீரென்று வந்தது! பயம் போனதால் தொண்டை திறந்துவிட்டது. கிளப்பில் பாடும்போது அடிவயிற்றிலிருந்து வருமே, அந்தக் குரல். பூச்சாடியைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதால் முதுகு சபைக்குத் திரும்பவே இல்லை. தலையும் பின்னுக்குப் போகவில்லை. அவர் சொன்ன பகிடிக்குக் கடைசி வரிசை சிரித்தது எனக்குக் கேட்டது. அவர்களுக்குக் கேட்காமல் சிரிப்பார்களா?

இடைவேளையில் ஓடி வந்து என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "எப்பிடி இருக்கு, ஓம்? அந்த அளவிலேயே விடு. ஒண்டையும் தொடாதை!"

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். அவர் முகத்தில் பழைய பயம் இல்லை என்பதைக் கண்டேன். வாயை மூடிக்கொண்டேன். முதல் ஓம் தவறுதலாக வந்தது. இந்த மௌனம் தெரிந்தே செய்தது. அதற்கு நான்தான் பொறுப்பு.

கடைசிக் கட்டம் வந்தது. புருஷன் வாசலில் நிற்கிறான். லோர்னா பூச்சாடியில் ஒரு பூவைச் சரிசெய்தபடி, மெதுவாக, "போ" என்றார். சபையில் ஓர் இருமல்கூட இல்லை. பிறகு எழுந்த கைதட்டலில் என் மேசையில் இருந்த பென்சில் உருண்டு விழுந்தது.

ரஞ்சி மேல்மாடியிலிருந்து மூச்சிரைக்க வந்தாள். "இஞ்சேருங்கோ, அவ கடைசியிலை போ எண்டது எனக்குப் பக்கத்திலை இருந்து சொன்ன மாதிரிக் கேட்டது! எனக்கே எழும்பிப் போகோணும் போல இருந்தது. மைக்கை நல்லாத்தான் வைச்சிருக்கிறியள்."

பின்னால் வந்த கிரகாம் லோர்னாவின் கையைப் பிடித்து, "பின்னேரமும் நீதான்" என்றார். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

ஆட்கள் கலைந்ததும் லோர்னாவை மேடையின் ஓரத்துக்குக் கூட்டிப்போய் நசுங்கிய கேபிளைக் காட்டினேன். "ஓம் எண்டு சொன்னனியே!" என்றார். எங்கள் ஊரில் இல்லையா என்று கேட்டால், இல்லாததுக்கும் ஓம் என்போம் என்று தட்டுத்தடுமாறி விளக்கினேன். குனிந்து கேபிளை விரலால் தடவிப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். தலையைப் பின்னுக்கு இழுக்காமல், வாய்விட்டு, அந்தக் கட்டடம் அதிரச் சிரித்தார்.

5. பிள்ளைகளுக்கு

அந்த நாடகத்துக்குப் பிறகு அவர் நடிகையாகவே அறியப்பட்டார். படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் வந்தன. நான் இதே தொழிலில் இருந்து, ஓய்வு பெற்று, இப்போது சிட்னியில், டூங்கபியில் இருக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு கருவியைப் பற்றிக் கேட்டால் வெறும் ஓம், இல்லை என்று சொல்லாதீர்கள். "மைக் வேலை செய்கிறது", "மைக் வேலை செய்யவில்லை" என்று முழு வசனமாகச் சொல்லுங்கள். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு நானும் அப்படித்தான் சொன்னேன், ஒரே ஒருவரைத் தவிர.

கேபிளை மாற்ற லோர்னா விடவில்லை. மைக்கை எடுக்கவும் விடவில்லை. நாடகம் ஓடிய ஆறு வாரமும் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் திரைக்குப் பக்கத்தில் நின்று, புருவத்தை உயர்த்தி, "இஸன்ட் இட் வேர்க்கிங்?" என்று கேட்பார்.

"ஓம்" என்பேன்.

தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போவார்.