சிரக்கூசாவில் ஓர் அத்திக்கன்று

கனடாவில், மொன்றியலில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. நோத்ர-டாம்-த-கிரேஸில் மூன்றாம் மாடி, வாடகை வீடு. திருவிருதய ஆண்டவர் படத்தை மாட்ட ஒரேயொரு ஆணி அடிக்கட்டுமா என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டேன். அவர் ஸ்பிரோஸ் என்ற கிரேக்கர். ஆணி அடித்தால் துளை விழும், துளையைப் பூசவேண்டும், பூசினால் நிறம் சேராது என்று ஆங்கிலத்தில் தொடங்கிப் பிரெஞ்சில் முடித்தார். அதனால் எங்கள் ஆண்டவர் வந்த நாள் முதல் சமையலறைப் பிறிட்ஜின் மேல் சாய்ந்தபடி நிற்கிறார். மோட்டர் ஓடத் தொடங்கினால் சற்று நடுங்குவார். குளிர் நாடு, இங்கே நடுங்காதவர் யார்?

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்கும் அங்கே ஒரு வீடு இருக்கிறது. இளவாலையில், எங்கள் வழக்கப்படி கலியாணத்தோடு எனக்கு எழுதித் தந்த சீதன வீடு. உறுதிப் பத்திரத்தில் என் பெயர்தான், என்னைக் கட்டிய இவருடைய பெயர் அல்ல. முன் விறாந்தையையும் கிணற்றுக் கட்டையும் மட்டும் இவர் பிறகு கட்டுவித்தார். சண்டையில் செல் விழுந்து வெடித்துக் கூரை போயிற்று. கதவு, நிலை, யன்னல் எல்லாம் யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். சுவரைக் கழற்ற வசதிப்படவில்லை போலும், அதை விட்டுவைத்திருக்கிறார்கள்.

சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்ததும் எங்கள் பங்குக் கோயிலில் பாதிப்பேர் ஊருக்குப் போய் வந்தார்கள். கர்க்லாண்ட் புறநகரில் இரண்டு மாடியும் புல்வெளியும் வைத்திருப்பவர்கள்கூட இங்குள்ள மாடியை மறந்து அங்குள்ள கிணற்றடியைப் பற்றித்தான் பூசை முடிந்தபின் கதைத்தார்கள். ஒவ்வொரு விடுமுறைக்கும் நானும் இவரிடம் கேட்டேன். இவருக்கு சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுதும் மாத்திரைகள் உடையாமல் பெட்டிக்குள் போகின்றனவா என்று பார்க்கும் மனிதர். உடைந்ததைக் கண்டால் உடனே ஒதுக்கிவிடுவது பழக்கமாகிவிட்டது. கேட்ட ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்.

“அங்க போய் என்னத்தைப் பாக்கப் போறீர்? நாலு இடிஞ்ச சுவரைப் பாக்கவே இவ்வளவு காசையும் லீவையும் செலவழிக்கிறது?”

இப்படிப்பட்ட மனிதரைத்தான் எங்கள் மகள் யூடித் கலியாண வெள்ளிவிழாப் பரிசு என்று சொல்லி இத்தாலிக்கு அனுப்பிவைத்தாள். கூடவே என்னையும். ரோமாபுரியில் பாப்பரசரைத் தூரத்தில் பார்த்துவிட்டு சிசிலித் தீவுக்குப் போனோம். அங்கே சிரக்கூசா என்று ஒரு பழைய நகரம். முன்னொரு காலத்தில் கிரேக்கர் கடல் கடந்து வந்து குடியேறிக் கட்டிய ஊராம். அவர்களும் புலம்பெயர்ந்தவர்கள்தான். வாடகைக்கு இருக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

இடிந்த சுவர் பிடிக்காத மனிதர் அங்கே செய்த கூத்தை நான் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, இவர் வழிகாட்டிப் புத்தகத்தைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு கல்லுக்குக் கல் நின்றார். ஒரு கோயிலில் இரண்டு தூண்கள் நின்றன, மற்றவை அடியோடு போய்விட்டன. அந்த வெறும் இடத்தைச் சுற்றி வந்து படம் எடுத்தார். மலையில் குடைந்த அரங்கின் படிகளைக் கையால் தடவி, “என்ன வேலை, என்ன வேலை” என்றார். கூரை எங்கே என்று கேட்டேன். இதற்குக் கூரையே இருந்ததில்லை என்று படித்துச் சொன்னார். அப்படியானால் எங்கள் வீட்டுக்கு இதைவிடப் பெருமை என்று நினைத்துக்கொண்டேன், முன்பாவது இருந்ததே.

பேராலயத்துக்குப் போனால் அங்கேயும் அதே கதை. கிரேக்கப் பெண்தெய்வத்தின் கோயிலுக்குள் தூண்களுக்கிடையே சுவர் எழுப்பி எங்கள் மாதாவைக் குடிவைத்திருக்கிறார்கள். ஊரில்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன், கல் குளிர்ந்து கிடந்தது. மாதாவிடம் செபம் சொல்லும்போது கண் அந்தப் பழைய தூண்களிலேயே போய் நின்றது. வீட்டுக்காரர் போய்விட்டால் அடுத்து வருபவர் அறை பிரித்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. என் வீட்டில் இப்போது யார் மாடு கட்டுகிறார்களோ என்று அந்த நேரத்தில் யோசித்தது பாவமோ தெரியாது.

அடுத்த நாள்தான் வினை வந்தது. அரங்குக்குப் பின்னால் ஒரு பழைய சுவர், முன்னால் கயிறு கட்டியிருந்தது. கல் இடுக்கில் ஓர் அத்திக்கன்று, ஒரு முழ உயரத்தில் தளதளவென்று நின்றது. சுவரில் முளைத்த ஆலையும் அரசையும் கண்டவுடன் பிடுங்காவிட்டால் வீடு பிளந்துவிடும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கையிலேயே பதிந்த பாடம். அத்தியும் அந்தச் சாதிதான். கயிற்றுக்கு மேலால் எட்டி, அடியில் பிடித்து, வேரோடு இழுத்தேன். விசில் ஊதிக்கொண்டு ஒரு காவலாளி ஓடிவந்தார்.

வேர் ஓடினால் சுவர் போய்விடும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன், பிறகு தெரிந்த பிரெஞ்சிலும் சொன்னேன். ஒன்றும் எடுபடவில்லை. ஞாபகத்துக்குக் கல்லும் செடியும் களவெடுக்கும் கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிட்டார். கைப்பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே செபமாலை, பனடோல், மொன்றியலில் இருந்து கொண்டுபோன பருத்தித்துறை வடை. வடையை மட்டும் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்தார்.

இவர் வெட்கத்தில் வேறு யாரோ பெண்ணின் கணவர்போல விலகி நிற்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நடுவில் வந்து நின்றார். இவள் களவெடுக்கவில்லை, இவளுக்கு ஒரு வீடு இருக்கிறது, இதைப்போலவே இருக்கிறது, அந்த நினைப்பில்தான் செய்தாள் என்று தன் தொழிற்சாலை ஆங்கிலத்தில் சொன்னார். சொல் போதாமல் இரு கைகளையும் கூரைபோலக் கூட்டிக் காட்டிவிட்டுப் பிரித்தார். காவலாளியின் முகம் மலர்ந்தது. கனடாவில் கிரேக்கக் கோயில்போலத் தூண் வைத்து மாளிகை கட்டியிருக்கும் பணக்காரர்கள் என்று விளங்கிக்கொண்டார். “பெல்லா, பெல்லா”, அழகு அழகு என்று தலை குனிந்து, பிடுங்கிய கன்றையும் என் கையிலேயே தந்துவிட்டுப் போனார்.

நிழலில் ஒரு கல்லில் போய் இருந்தோம். நான் சேர்த்துவைத்திருந்த நக்கல் எல்லாவற்றையும் அவிழ்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நாலு இடிந்த சுவர் என்று தொடங்கினேன். இவர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார்.

“நான் கடைசியாப் பாக்கேக்க அதுக்குக் கூரை இருந்தது, றெஜி. அப்பிடியே கிடக்கட்டும் எண்டுதான் போகேல்லை.”

இத்தனை வருடமாகக் காசு, லீவு, வெயில், நுளம்புக்கடி என்று இந்த மனிதர் சொன்ன அத்தனை சாட்டும் இதற்குத்தானா? எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. வீடு என்னுடையது, அதைப் பார்த்து அழ வேண்டியவளும் நான், அந்த அழுகையையும் இவரே சேமித்துவைத்திருக்கிறார்.

“உங்கட கண்ணுக்குள்ள கூரை கிடக்கு,” என்றேன். “என்ர சுவரில மரம் முளைக்குது. அதை ஆர் பிடுங்கிறது?”

கன்றின் வேரில் ஒட்டியிருந்த மண்ணை இவர் நகத்தால் உதிர்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, மார்கழியில் போவம் என்றார்.

இப்போது கார்த்திகை, வெளியே பனி கொட்டுகிறது, வரவேற்பறையில் பெட்டி திறந்து கிடக்கிறது. எங்கே பயணம் என்று கேட்ட ஸ்பிரோஸிடம் சொந்த வீட்டுக்கு என்றேன். தனக்கும் ஊரில் வீடு இருக்கிறதாம், அதில் அயலவர் ஆடு கட்டுகிறாராம். முதல்முறையாக அந்த மனிதர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. ஆனாலும் ஆணிக்கு அனுமதி தரவில்லை.

நேற்று ஆண்டவரைப் பிறிட்ஜிலிருந்து இறக்கித் துடைத்து, சேலைகளுக்கு நடுவே வைத்தேன். பக்கத்தில் கத்தியும் சுத்தியலும் நல்ல நீள ஆணி ஒன்றும். பெட்டி எத்தனை கிலோ என்று நிறுத்துப் பார்க்க வந்த இவர் படத்தைக் கண்டு நின்றார். அங்கே மாரி மழை, கூரையும் இல்லை, படம் நனைந்துபோகுமே என்றார். யோசித்தேன். அவர் சொன்னது சரிதான்.

படத்தைத் திரும்பவும் பிறிட்ஜின் மேல் வைத்திருக்கிறேன். மோட்டர் ஓடுகிறது, ஆண்டவர் நடுங்குகிறார். சுத்தியலையும் ஆணியையும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. யாரிடமும் கேளாமல், என் சுவரில், அந்த ஆணியை அடித்துவிட்டுத்தான் திரும்புவேன்.