வஞ்சிரம் என்று சொன்னவர்

போன வாரம் ஷார்ஜா பக்கம் முவைலாவில் முடிவெட்டப் போயிருந்தேன். கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுச் சுவரிலிருந்த டிவியைப் பார்த்துச் சிரித்தார். யாரோ யூடியூபில் ஏற்றியிருந்த பழைய சமையல் நிகழ்ச்சி. பனியனும் லுங்கியுமாக ஒருவர் அடுப்படியில் நின்று, "மக்கா, சட்டி சூடாயிட்டான்னு ஒங்க கைய வச்சிப் பாக்காதிய, மச்சான் கைய வச்சிப் பாருங்க" என்றார். சிலுவை அண்ணன். இறந்து இரண்டு மாதமாகிறதாம். கடைக்காரர்தான் சொன்னார்.

டிவிக்கு வருவதற்கு முன் அவர் புஜைராவில், எண்ணெய்த் தொட்டிகள் நிற்கும் எங்கள் சைட்டில் சேஃப்டி ஆபீசர். அப்போது லுங்கி கிடையாது, தேய்த்த பேன்ட்தான். காலைக் கூட்டத்தில் ஜோக் சொல்லியே ஹெல்மெட் மாட்ட வைப்பார். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ரூமுக்கு மீனோடு வந்து சமைப்பார். எல்லோரும் வாய்விட்டுச் சிரிப்பார்கள். நான் மட்டும் சிரித்துக்கொண்டே கவனிப்பேன். ஆபீஸ் ஆள் எதற்காக லேபர் ரூமில் வந்து வெங்காயம் உரிக்க வேண்டும்?

போதாததற்கு, தன்னைத் தெற்குக் கடற்கரைக்காரர் என்று சொல்லிக்கொண்டார். நான் தூத்துக்குடிப் பக்கம். ஒரே மீனை எங்கள் ஊரில் சீலா என்போம், கன்னியாகுமரிப் பக்கம் நெய்மீன் என்பார்கள். இவரோ ஒருநாள் பையைப் பிரித்து, "நல்ல வஞ்சிரம்" என்றார். சென்னைப் பட்டணத்துப் பேச்சு. அன்றிலிருந்து அவர் ஊற்றிய குழம்பை ருசித்துத் தின்றபடியே அவரை வேவு பார்த்தேன். சந்தேகப்படுகிறவனுக்கும் பசிக்கும் இல்லையா?

என் பக்கத்துக் கட்டில்காரன் மாரிமுத்து, விழுப்புரம் பக்கம். தொட்டி உச்சியில் பெயின்ட் அடிக்கிறவன். ஒரு திங்கட்கிழமை அவனை மேலே ஏற விடாமல் கீழே குடோனில் போட்டுவிட்டார்கள். ரூமில் தின்றுவிட்டு ஆபீஸில் போட்டுக்கொடுக்கிற ஆள் யாரென்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. நேரே போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"ஆமா, நாந்தான் சொன்னேன். அவனுக்குத் தல சுத்துது. ஒங்கிட்ட சொல்லலியா?"

கதை கட்டுகிறார் என்று நினைத்தேன். இனி எங்கள் ரூமுக்கு வர வேண்டாம் என்றேன். அவர் வரவில்லை.

இருபது நாள் கழித்து மாரிமுத்து குடோன் தரையில் மயங்கி விழுந்தான். நெற்றியில் நான்கு தையல். விழுந்தது தரையில் என்பதால் அதோடு போயிற்று. அப்போதும் நான் அவரிடம் போகவில்லை. ஏதோ குருட்டாம்போக்கில் சொன்னது பலித்துவிட்டது என்று ரூமில் பேசினேன்.

பிறகு அவர் ஷார்ஜாவுக்குப் போய் டிவியில் பெரிய ஆளானார். கடற்கரைப் பேச்சு வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் தெரியவந்ததோ, அவர் திண்டுக்கல் பக்கத்துக்காரர், அலையையே இங்கே வந்துதான் பார்த்தாராம். நான் கண்டுபிடித்தது சரிதான். அதில் சந்தோஷப்பட என்னால் முடியவில்லை.

நாங்கள் தங்கியிருந்த கேம்ப் இப்போது இல்லை. அந்த இடத்திலும் ஒரு தொட்டி நிற்கிறது. அவர் நிகழ்ச்சி வந்த டிவி சேனலை மூடிவிட்டார்கள். மாரிமுத்து ஊரோடு போய்விட்டான். காலைக் கூட்டத்தில் இப்போது ரெக்கார்டு செய்த குரல்தான்.

மூன்றடி தள்ளிப் படுத்திருந்தவனுக்குத் தலைசுற்றுகிறது என்று வாரம் ஒருமுறை வந்துபோன அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.